பாஸ்போர்ட் கேட்டவன் எழுதும் மடல்

இந்தியத் தலைமைப் பதிவாளர் மற்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். சொந்த ஊர் ஈரோடு மாவட்டம் அந்தியூர். உங்கள் துறைக்கும் எனக்கும் பெரிய தொடர்பு ஒன்றும் கிடையாது. 2011-இல் வெயிலில் கணக்கெடுக்க வந்த டீச்சரம்மாவுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன், அவ்வளவுதான். இருந்தும் இந்த மடலை எழுத ஒரு காரணம் இருக்கிறது: வரும் கணக்கெடுப்பில் ஒரு சின்ன சமூகத்தை ஒழுங்காக எண்ண வேண்டுமே என்ற கவலை. அது என் தவறிலிருந்து தொடங்குகிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2006-இல் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர் பக்கம் ஒரு கிளைக்கு என்னை மாற்றினார்கள். ஊரைச் சுற்றிக் காடு, பாக்குத் தோட்டம், விடாத மழை. சேர்ந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கவுண்டருக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். நல்ல உயரம், நல்ல கறுப்பு, தலையோடு ஒட்டிய சுருள்முடி. சேமிப்புக் கணக்கு தொடங்க வேண்டும் என்று படிவத்தை நீட்டினார். நான் படிவத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "பாஸ்போர்ட்? விசா?" என்று கேட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து வைத்தார். "நானு இல்லியவனே, சார்" என்றார். நான் இந்த ஊர்க்காரன்தான் என்று அர்த்தம். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. தெரிந்த நாலு கன்னட வார்த்தைகளைக் கோத்து மன்னிப்புக் கேட்டேன். என் கன்னடத்தைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "நீவு யாவ ஊரு, சார்?" என்று திருப்பிக் கேட்டார். பக்கத்து சீட்டுக்காரர் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்தக் கிளையில் அன்று வெளியூர்க்காரன் நான் ஒருவன்தான்.

அவர் சித்தி சமூகத்தவர். இந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் ஒரு சங்கடம் வருகிறது. நமக்குச் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. "எல்லாப்பூரில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன்" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "நமக்கு அங்க ஏதுடா சித்தி?" என்று அம்மா கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. இது வேறு சித்தி. 'சய்யிதி', அதாவது 'என் தலைவர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். இன்னொரு பெயர் ஹப்ஷி. அபிசீனியாவை அரபியில் 'ஹபஷ்' என்பார்கள், அதிலிருந்து வந்தது.

இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். வந்த வழி ஒன்றல்ல. எத்தியோப்பியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அரபு வணிகர்களின் கப்பல்களில் குஜராத்துக்கும் தக்காணத்துக்கும் வந்தவர்கள் உண்டு. அடிமையாக வந்து படைவீரராகி, சிலர் தளபதிகளும் ஆனார்கள். போர்த்துக்கீசியர் மொசாம்பிக்கிலிருந்து கோவாவுக்குப் பிடித்து வந்தவர்கள் உண்டு. அவர்களில் தப்பி ஓடியவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் புகுந்து ஊர் அமைத்தார்கள். எல்லாப்பூர், ஹளியாள், அங்கோலா, முண்டகோடு பக்கம் இன்று இருப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களின் பேரப் பிள்ளைகள்தான் என்று சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் யாராக இருந்தாலும் மாலிக் அம்பரைக் கொண்டுவருவார்கள். நானும் கொண்டுவந்துவிடுகிறேன். எத்தியோப்பியாவில் பிறந்து, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, அகமதுநகர் அரசின் ஆட்சியையே கையில் வைத்திருந்தவர். மொகலாயப் படையைத் தக்காணத்துக்குள் விடாமல் கால் நூற்றாண்டு இழுத்தடித்தார். அவரை நேரில் வெல்ல முடியாத ஜஹாங்கீர், அம்பரின் தலையை ஈட்டியில் குத்தி வைத்து அதன்மேல் தான் அம்பு விடுவது போல ஓவியம் வரைய வைத்துக்கொண்டார். மனசுக்கு ஆறுதல் வேண்டுமே! இன்று சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாறியிருக்கும் அவுரங்காபாத் அம்பர் உண்டாக்கிய ஊர்தான். அகமதாபாத்தில் சித்தி சையத் மசூதி இருக்கிறது, 1573-இல் கட்டி முடித்தது. மரமும் கொடியும் பின்னியது போலச் செதுக்கிய அதன் கல் சன்னலைப் பார்த்துத்தான் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் சின்னத்தை வடிவமைத்தார்கள்.

இதெல்லாம் பெருமைதான். ஆனால் மாலிக் அம்பரைச் சொல்லிச் சொல்லியே நாம் நழுவிவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பாக்குத் தோட்டத்தில் கூலிக்கு மரம் ஏறுகிற எல்லாப்பூர்க்காரருக்கு மாலிக் அம்பர் சொந்தமும் இல்லை, உறவும் இல்லை. நானூறு வருஷத்துக்கு முன் செத்துப் போன தளபதியை மெச்சுவது எளிது. கவுண்டருக்கு வெளியே நிற்கிறவரிடம் பாஸ்போர்ட் கேட்காமல் இருப்பதுதான் சிரமம். என்னாலேயே முடியவில்லையே.

அரசாங்கமும் ஒரு தடவை இவர்களைத் தேடிப் போனது. 1980களின் கடைசியில் இந்திய விளையாட்டு ஆணையம் சித்திப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துத் தடகளப் பயிற்சி கொடுத்தது. ஆப்பிரிக்க உடம்பு, ஒலிம்பிக்கில் ஓடிப் பதக்கம் கொண்டுவரும் என்பது கணக்கு. சிலர் தேசிய அளவில் நன்றாகவே ஓடினார்கள். 1990களின் தொடக்கத்தில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். காலுக்காகத் தேடி வந்தவர்கள், கால் வேண்டாமென்றதும் ஆளையும் மறந்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நீங்கள் எடுக்கப்போகும் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் பதிவாகும் என்று அரசு அறிவித்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே முழு நாட்டுக்கும் இப்படி நடப்பது 1931-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இது வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் ஊர் டீக்கடையில் நடக்கும் சண்டைக்குள் நான் போகவில்லை. என் கவலை ஒரு சின்ன சமூகத்தைப் பற்றியது. சித்திகள் எங்கே இருந்தாலும், எந்த மதத்தில் இருந்தாலும், அந்த ஒரே பெயரில் அவர்களை எண்ணி, ஒரே அட்டவணையில் வெளியிட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதில் என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஏற்கெனவே பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்களே, எண்ணிக்கொண்டுதானே இருக்கிறோம் என்றும் சொல்லலாம். அங்கேதான் சிக்கல் இருக்கிறது.

பழங்குடிப் பட்டியல் ஆளைப் பார்ப்பதில்லை, எல்லைக் கல்லைப் பார்க்கிறது. கர்நாடகத்தில் சித்திகளைப் பட்டியலில் சேர்த்தது 2003-இல். அதுவும் உத்தர கன்னட மாவட்டத்துக்கு மட்டும். ஹளியாளிலிருந்து காட்டு வழியே நடந்தால் தார்வாடு மாவட்டமோ பெளகாவி மாவட்டமோ வந்துவிடும். அங்கேயும் சித்திகள் இருக்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் அதே ஜனம்தான். நான் பாஸ்போர்ட் கேட்டவர் பிறகு எனக்கு நல்ல பழக்கமாகிவிட்டார். அவருடைய அக்காவைத் தார்வாடு மாவட்டத்தில் கல்கட்கி பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் சித்திதான். ஆனால் தம்பி பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் உண்டு, அக்கா பிள்ளைகளுக்குக் கிடையாது. ஒரே பாட்டியின் மடியில் வளர்ந்த பிள்ளைகள்! தார்வாடு, பெளகாவி மாவட்டங்களைச் சேர்க்க 2020-இல்தான் நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குள் அந்த அக்காவின் மூத்த பையன் படிப்பை விட்டுவிட்டு ஹுப்பள்ளியில் லாரிக்குப் போய்விட்டான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்தியூரிலிருந்து பஸ் ஏறினால் பர்கூர் மலை. அங்கே வாழும் மலையாளி சமூகம் சேலம் மாவட்டத்தில் இருந்தால் பழங்குடி. அதே சமூகம் எங்கள் ஈரோடு மாவட்டத்தில் இருந்தால் பழங்குடி இல்லை, ஏனென்றால் பட்டியலில் எழுதியிருக்கும் மாவட்டப் பெயர்களில் நாங்கள் வரவில்லை. எத்தனை மனு, எத்தனை போராட்டம். மலையாளி என்றால் கேரளாக்காரர் என்று நினைக்கும் அதிகாரிகளுக்கு, இவர்கள் மலையை ஆண்டு வாழும் மலையாளிகள் என்று விளக்குவதற்கே பாதி ஆயுள் போய்விடுகிறது. பெயர் படுத்தும் பாடு அங்கேயும் உண்டு.

குஜராத்தில் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். அங்கே ஜூனாகத், அம்ரேலி, ஜாம்நகர், ராஜ்கோட், பாவ்நகர், சுரேந்திரநகர் என்று சௌராஷ்டிர மாவட்டங்களில் இருக்கும் சித்திகள் மட்டும் பட்டியலில் வருகிறார்கள். அதிலும் மிகவும் நலிந்த பழங்குடி என்ற தனிப் பிரிவில் வருகிறார்கள். பரூச் மாவட்டம் ரத்தன்பூரில் பாவா கோர் தர்கா இருக்கிறது. அகேட் கல் வெட்டும் தொழிலுக்கும் சித்திகளுக்கும் அவர்தான் பெரியவர். முகர்மான் மேளத்தை அடித்துக்கொண்டு, வில் போன்ற மலுங்கா வாத்தியத்தை மீட்டிக்கொண்டு அவர்கள் ஆடும் தமால் ஆட்டத்தின் தாய்வீடே அதுதான். ஆனால் பரூச் மாவட்டம் பட்டியலில் கிடையாது. கோயில் இருக்கும் ஊரில் இருப்பவர்கள் வெளியே, கும்பிட வருகிறவர்கள் உள்ளே!

ஹைதராபாத்துக்கு வாருங்கள். மாசப் டாங்க் பக்கத்தில் ஏ.சி. கார்ட்ஸ் என்று ஒரு பேட்டை. ஏ.சி. என்றதும் குளிர்சாதனம் விற்கும் இடம் என்று நானும் நினைத்திருக்கிறேன். அது 'ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ்'. நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படை வீரர்கள் குடியிருந்த இடம். நிஜாமின் ஆட்சி போனது, படை கலைந்தது, பேட்டை நின்றுவிட்டது. ஹைதராபாத் கல்யாண ஊர்வலங்களில் காதைப் பிளக்கும் மர்ஃபா மேளத்தில் அவர்களுடைய கை இருக்கிறது. தெலங்கானாவில் அவர்கள் பழங்குடி அல்ல. முஸ்லிம்களுக்கான பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், சித்தி, ஹப்ஷி என்ற பெயர்களோடு ஒரு வரியில் வருகிறார்கள். கோவா, டாமன், டையூ பட்டியல்களில் 'சித்தி (நாயக்கா)' என்று வேறொரு பெயர்.

ஆக, ஒரே மக்கள். ஒரு மாநிலத்தில் பழங்குடி, அதே மாநிலத்தின் அடுத்த மாவட்டத்தில் பொதுப் பிரிவு, இன்னொரு மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டவர். சுதந்திரத்துக்குப் பிறகு இதுவரை உங்கள் கணக்கெடுப்பு பட்டியல் சாதிகளையும் பட்டியல் பழங்குடிகளையும் மட்டுமே பெயர் சொல்லி எண்ணியது. 2011-இன் பழங்குடி அட்டவணையில் கர்நாடகச் சித்திகள் 10,000-க்குச் சற்று மேல், குஜராத் சித்திகள் 8,000-க்கு மேல். ஆனால் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் 50,000 என்கிறார்கள், அதற்கு மேலும் சொல்கிறார்கள். இடையில் இருக்கும் அந்த ஆயிரக்கணக்கானவர்கள் நிஜமா, மிகையா? உங்களைத் தவிர வேறு யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். 2027-இல் கர்நாடகத்தில் சித்திகளின் எண்ணிக்கை கூடித்தான் வரும். தார்வாடும் பெளகாவியும் சேர்ந்திருப்பதால் வரும் கூடுதல் அது. இதை அட்டவணையின் அடியில் ஒரு வரி போட்டு விளக்காவிட்டால், "பதினாறு வருஷத்தில் எப்படிப் பெருகிவிட்டார்கள் பார்" என்று யாராவது ஒரு புண்ணியவான் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவான்.

பெயர் விஷயத்தில் உங்கள் சக அதிகாரிகளுக்கு ஏற்கெனவே ஒரு சூடு இருக்கிறது. 2011-இல் நடந்த சமூக பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் ஜனங்கள் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதி வந்ததில், 46 லட்சத்துக்கு மேல் சாதிப் பெயர்கள் சேர்ந்துவிட்டன என்று ஒன்றிய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 1931-இல் இருந்தது 4,147. எழுத்துப் பிழையும், குலப்பெயரும், வீட்டுப்பெயரும், தொழில்பெயரும் தனித்தனிச் சாதியாகிவிட்டன. பெரிய சமூகங்களுக்கு இதனால் பெரிய சேதம் இல்லை. லட்சத்தில் நாலு பேர் சிதறினால் தெரியாது. சித்தி போன்ற சமூகத்துக்கு அப்படியல்ல. சித்தி, சிதி, சித்தீ, ஷீதி, ஹப்ஷி, பாட்ஷா, நாயக்கா என்று ஏழு வரியில் பிரித்துப் போட்டால் ஏழும் மிகச் சின்ன எண்களாகி, கடைசியில் 'மற்றவை' என்ற சாக்குப் பையில் போய் விழும். ஆகவே கணக்கெடுப்பாளர்களின் கைபேசிச் செயலியில் வரும் சாதிப் பெயர்ப் பட்டியலில் இந்தப் பெயர்களை எல்லாம் ஒரே குறியீட்டின் கீழ் கொண்டுவாருங்கள். அவரவர் சொன்ன பெயர் அப்படியே பதிவாகட்டும், கூட்டும்போது ஒன்றாகக் கூட்டுங்கள். உள்ளூர்ச் சித்தி சங்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் எந்தப் பெயர் தங்களுடையது, எது ஒட்டாது என்று அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். எல்லா நாயக்காவும் சித்தி அல்ல, எல்லா பாட்ஷாவும் சித்தி அல்ல. அந்தப் பிரிவினை டெல்லியில் உட்கார்ந்து செய்யக் கூடியது இல்லை.

மதத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப்பூர், அங்கோலா பக்கம் இந்துச் சித்திகள். ஹளியாளில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அதிகம். ஒருவர் பெயர் பரசுராம், இன்னொருவர் ஜூஜே, மூன்றாமவர் இமாம். மூன்று பேரும் தங்களைச் சித்தி என்றே சொல்வார்கள். தமாமி மேளம் கட்டிக்கொண்டு ஆடும்போது யார் எந்த மதம் என்று நமக்குப் பிடிபடாது. நான் போன அந்தக் கல்யாணத்தில் பெண் வீடு ஒரு மதம், மாப்பிள்ளை வீடு ஒரு மதம். யாரும் அதை ஒரு சேதியாகவே பேசவில்லை. எனக்குத்தான் ஆச்சரியமாக இருந்தது, எங்கள் ஊரில் என்றால் அரிவாள் வந்திருக்கும். பழங்குடிக்கு மதம் தடையில்லை என்பது சட்டம். ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் முஸ்லிம் என்று எழுதியதும் அடுத்த கட்டத்தில் தானாகவே வேறு பிரிவைப் போட்டுவிடக் கூடாது.

இந்தச் சிக்கலில் மாட்டிய முதல் நாடு நாம் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் சந்ததி உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களில் பல கூட்டத்தார் பல வருஷமாகச் சண்டை போடுவது கணக்கெடுப்புப் படிவத்தில் தங்களுக்கென்று ஒரு கட்டத்துக்காகத்தான்.

மெக்சிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1829-இல் அடிமை முறையை ஒழித்த அந்நாட்டு ஜனாதிபதி விசெந்தே கெரேரோவே ஆப்பிரிக்க வம்சாவளி. அவர் பெயரில் ஒரு மாநிலமே இருக்கிறது. ஆனாலும் அந்த மாநிலத்தின் கடற்கரையான கோஸ்டா சிகாவில் வாழும் கறுப்பு மெக்சிகர்கள், சொந்த நாட்டுக்குள் பயணம் போகும்போது அதிகாரிகள் மறித்து, "மெக்சிகன் என்றால் தேசிய கீதம் பாடிக் காட்டு" என்று கேட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. படித்தபோது எனக்கு என் கவுண்டர்தான் ஞாபகம் வந்தது. நான் பாட்டுக் கேட்கவில்லை, விசா கேட்டேன். 2015-இல்தான் அங்கே ஒரு கணக்கெடுப்பில், நீங்கள் உங்களைக் கறுப்பினத்தவராக, ஆப்ரோ மெக்சிகராகக் கருதுகிறீர்களா என்று நேராகக் கேட்டார்கள். சுமார் 13.8 லட்சம் பேர் ஆமாம் என்றார்கள். 2019-இல் அரசியல் சட்டத்தில் அவர்களைச் சேர்த்தார்கள். 2020-இன் முழுக் கணக்கெடுப்பில் அது 25.7 லட்சமானது. ஐந்து வருஷத்தில் அத்தனை பிள்ளை பிறக்காது. கேட்ட விதமும், பதில் சொல்லப் பிறந்த தைரியமும்தான் காரணமாக இருக்க முடியும்.

கொலம்பியாவில் இது தலைகீழாக நடந்தது. 2005-இல் சுமார் 43 லட்சம் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 2018 கணக்கெடுப்பில் சுமார் 29.8 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காணாமல் போய்விட்டார்கள். போரோ கொள்ளை நோயோ அதற்குக் காரணம் இல்லை. கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி போதவில்லை, சில வீடுகளில் இனக் கேள்வியைக் கேட்கவே இல்லை, சில பகுதிகளுக்கு ஒழுங்காகப் போகவே இல்லை. புள்ளியியல் இன அழிப்பு என்றே அந்த மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். விவகாரம் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது, 2022-இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே புள்ளியியல் துறையே ஒரு மாதிரி ஆய்வை வைத்து 46 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டிருந்தது. கேள்வித்தாளில் கட்டம் இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவர் வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் மெக்சிகோ மாதிரி "நீங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியா?" என்று ஒரு கேள்வியை நம் படிவத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த சித்திகள் யாரும் தங்களை ஆப்பிரிக்கர் என்று சொல்லிக்கொண்டதில்லை. கொங்கணியும் கன்னடமும் மராத்தியும் கலந்த ஒரு பேச்சு, எங்களைவிட அழகாகக் கன்னடம், நவராத்திரி, கிறிஸ்துமஸ், உரூஸ். "ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது சார், மங்களூர் தாண்டியா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கிண்டலாகக் கேட்டார். நம் ஆட்கள் அவர்களைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்த்தான் அப்படிக் கேட்டிருக்கிறார். இப்போது படித்த பிள்ளைகளில் சிலர் மொசாம்பிக், எத்தியோப்பியா என்று தேடிப் படிக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். ஐ.நா.வும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான இரண்டாம் பத்தாண்டு என்று 2025 முதல் 2034 வரை அறிவித்திருக்கிறது. ஆனால் அவர்கள் தங்களை என்னவென்று சொல்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. சித்தி என்று சொன்னால் சித்தி என்று எழுதுங்கள், போதும்.

இன்னும் ஒரே ஒரு ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கொச்சி மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பன் என்று ஒரு சாமி. 1663-இல் டச்சுக்காரர்கள் வந்தபோது, தப்பி ஓடிய போர்த்துக்கீசியர் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று, புதையலோடு சுவருக்குள் வைத்துப் புதைத்துவிட்டார்கள் என்பது அந்த ஊர்க் கதை. அவர்கள் ஆவி புதையலைக் காக்கிறதாம். சுவரோரம் ஒரு திண்டு, அதில் மெழுகுவர்த்தி, சுருட்டு, கள். சிலை கிடையாது, சொந்தப் பெயரும் கிடையாது. 'காப்பிரி' என்பது அடிமைகளை வைத்திருந்தவர்கள் வைத்த பெயர். தென்னாப்பிரிக்காவில் அதே சொல்லை இன்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் ஜெயில் வரைக்கும் போகும். தமிழிலும் அந்தச் சொல் இருக்கிறது. எங்கள் தெருவில் சுருட்டை முடிப் பையன்களை அப்படித்தான் கூப்பிட்டோம், அர்த்தம் தெரியாமல். மட்டாஞ்சேரியில் நானும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். செத்தவருக்குச் சுருட்டுப் பற்ற வைக்க அங்கே ஒரு வரிசையே நின்றது.

எல்லாப்பூருக்குத் திரும்புகிறேன். 2020-இல் கர்நாடக மேலவைக்குச் சாந்தாராம் சித்தி நியமனம் ஆனார், அவர்கள் சமூகத்திலிருந்து போன முதல் ஆள். எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து மாநிலச் சட்டசபைக்கு ஷீதி சமூகத்துப் பெண்ணான தன்சீலா கம்பிராணி 2018-இலேயே போய்விட்டார். 2023-இல் குஜராத்தின் ஹீராபாய் லோபிக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பரிசு வாங்கும் முன் அவர் பிரதமர் முன்னால் முந்தானையை விரித்துப் பேசியதை டிவியில் பார்த்தேன். மனசு நிறைந்தது. ஆனால் இவர்கள் பேசும்போது, "எங்கள் ஜனம் இத்தனை பேர், இத்தனை மாவட்டத்தில், இத்தனை பேர் பள்ளிக்கூடம் தாண்டவில்லை" என்று சொல்ல ஒரு காகிதம் கையில் வேண்டாமா? கூலிக்கு எத்தனை பேர், நிலம் வைத்திருப்பவர் எத்தனை பேர், காட்டு உரிமைப் பட்டா இல்லாமல் எத்தனை குடும்பம் என்று கேட்டால், யாரோ ஆராய்ச்சி மாணவர் நாலு கிராமத்தில் எடுத்த கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் காகிதத்தை நீங்கள் கொடுக்கலாம். மாவட்ட வாரியாக, மத வாரியாக, பட்டியலில் இருப்பவர் இல்லாதவர் என்று பிரித்து, எல்லா மாநிலத்துச் சித்திகளையும் ஒரே இடத்தில் காட்டும் ஒரு அட்டவணை. சின்ன எண்களாக இருந்தாலும் 'மற்றவை'யில் தள்ளாமல். உத்தர கன்னடம், ஜூனாகத், ரத்தன்பூர், ஹைதராபாத் போன்ற இடங்களில் அந்தச் சமூகத்துப் படித்த பிள்ளைகளையே கணக்கெடுப்பு வேலைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். டிகிரி முடித்துவிட்டு ஊரில் இருப்பவர்கள் எத்தனையோ பேரை எனக்கே தெரியும். அப்புறம், கணக்கெடுப்பாளர் கையேட்டில் எங்காவது ஓர் ஓரத்தில், ஆளின் முகத்தைப் பார்த்துப் பிறந்த நாட்டை எழுதாதீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். என்னைப் போல மூன்றாம் நாளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியன்,
அந்தியூர்.

பின்குறிப்பு: வேலைக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்த சித்திக் குடும்பங்களும் இருக்கலாம். எங்கள் பக்கம் கணக்கெடுக்க வருகிற டீச்சர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சாதி என்ன என்று கேட்டதற்கு ஒருவர் "சித்தி" என்று சொன்னால், "யாரோட சித்திங்க?" என்று கேட்க வேண்டாம்.